மணவறை வாசலில் சப்பாத்து: ஒரு முன்னாய்வு

திருமணம் பற்றிய தமிழ் ஆய்வுகள் தாலியில் தொடங்கித் தாம்பூலத்தில் முடிந்துவிடுகின்றன. மணமக்கள் காலில் எதை மாட்டிக்கொண்டு வந்தார்கள் என்று அறிஞர் பெருமக்கள் குனிந்து பார்ப்பதில்லை. இக்குறையைப் போக்கவே லண்டனில் வெம்பிளி, ஹரோ, ஈஸ்ட்ஹாம் பக்கத்துக் கல்யாண மண்டப வாசல்களில் நின்று இவ்வாய்வு மேற்கொள்ளப்பட்டது. ஆய்வாளர் முறையாக அழைக்கப்பட்டே போனார், என்வலப்பும் கொடுத்தார்.

ஆய்வின் முதல் இடறல் வாசலிலேயே நேர்ந்தது. தமிழ்க் கல்யாணத்தில் கால்தான் கதாநாயகன். காலணிக்கு உள்ளே வேடமே கிடையாது. யாழ்ப்பாண முறைப்படி மாப்பிள்ளை வந்து இறங்கியதும் பெண்ணின் சகோதரன் தோழனாக நின்று அவர் காலைக் கழுவுகிறான். மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போடுகிறார். அப்புறம் அம்மி, மெட்டி, அக்கினி வலம் எல்லாமே வெறுங்கால் விவகாரம். ஆண்டாள் தன் கல்யாணத்தைக் கனவு கண்டு பாடிய பதினொரு பாட்டிலும் சங்கு உண்டு, பந்தல் உண்டு, அம்மி உண்டு, பொரி உண்டு, செருப்பு இல்லை. திருமாலே கையால் காலைப் பிடித்து அம்மியில் ஏற்றும்போது இடையில் தோல்வாருக்கு என்ன வேலை?

ஆங்கிலேயர் மரபு இதற்கு நேர் எதிர். 1840 பெப்ரவரி 10 அன்று விக்டோரியா மகாராணி மணமுடித்தபோது அணிந்த வெள்ளை சாட்டின் சப்பாத்து இன்றும் நோர்த்தாம்டன் அருங்காட்சியகத்தின் உடைமை. 1981-இல் டயானா செயின்ட் போல் தேவாலயத்துக்குப் போட்டுப்போன சோடியில் நூற்றுக்கணக்கான ஜிகினாத் தகடுகளும் முத்துகளும் கோக்கப்பட்டிருந்தன; சார்ள்ஸை விட உயர்ந்து தெரியக்கூடாதென்று குதியைத் தாழ்வாக வைத்தார்கள். அவ்வளவும் 25 அடி நீளத் தோகை இழுபட்ட கவுனுக்குள் மறைந்துபோனது வேறு கதை. மணப்பெண்ணின் இடது சப்பாத்துக்குள் ஆறு பென்ஸ் காசு ஒன்றை வைப்பதும் அவர்கள் வழக்கம். 1980-இல் அந்தக் காசு செல்லாக்காசாகிவிட்டது. இருந்தும் கல்யாணத்தில் மட்டும் செல்கிறது. முற்காலத்தில் புறப்படும் தம்பதி மீது பழஞ்சப்பாத்தை எறிந்தும் வாழ்த்தினார்கள். எங்கள் ஊரில் அப்படி வாழ்த்தியிருந்தால் இரண்டு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருந்திராது.

இவ்விரு மரபும் முட்டிக்கொள்ளும் இடம்தான் மண்டப வாசல். மாசி மாதம், வெளியே நாலு பாகை குளிர். பட்டு வேட்டி, தலைப்பாகை, கீழே பளபளவென்று கயிறு கட்டிய கறுப்புச் சப்பாத்து: மாப்பிள்ளை காரை விட்டு இறங்குகிறார். தோழன் செம்போடு காத்திருக்கிறான். மாப்பிள்ளை குனிகிறார், தலைப்பாகை சரிகிறது. நிமிர்ந்து தலைப்பாகையைப் பிடிக்கிறார். கயிறு முடிச்சு விழுந்துவிடுகிறது. சித்தப்பா ஒருவர் மண்டியிட்டு நகத்தால் முடிச்சை நோண்டுகிறார். ஐயர் உள்ளிருந்து முகூர்த்தம் போகிறது என்கிறார். கடைசியில் சப்பாத்து கழன்றது, உள்ளே காலுறை. நாதஸ்வரக்காரர் அதே உருப்படியை மூன்றாம் முறை வாசிக்கிறார்.

ஆகவே சப்பாத்தின் தரத்தை நிறத்தாலோ விலையாலோ அளப்பது பிழை; கழற்றுநேரம் ஒன்றே அளவுகோல். இந்த அளவுகோலில் கயிற்றுச் சப்பாத்து கடைசி. ஈலிங் ரோட், கிரீன் ஸ்ட்ரீட் கடைகளில் தொங்கும் கூர்மூக்கு மொஜாரிச் சப்பாத்து முதலிடம். மாப்பிள்ளை காலை உதறினாலே போதும், அது தானே பறந்துபோய் ஓரமாக விழும்.

பெண் தரப்பில் சிக்கல் கணிதம் சார்ந்தது. மூன்று அங்குல ஹீல்ஸோடு நிற்கவைத்துச் சேலை உடுத்தினால் கொசுவம் தரையைத் தொட்டும் தொடாமலும் அழகாக நிற்கும். மணவறைக்கு ஏற ஹீல்ஸைக் கழற்றிய கணமே சேலை மூன்று அங்குலம் மிஞ்சும். பெண் அதை மிதிப்பாள், பின்னால் வரும் தோழியும் மிதிப்பாள், குத்தூசி தெறிக்கும். காலைச் சேலையும் கூறைச் சேலையும் வெறுங்காலில் நின்று உடுத்தவேண்டியவை. வரவேற்புச் சேலையோ ஹீல்ஸ் போட்ட பிறகே உடுத்தவேண்டியது. சேலை உடுத்திவிடும் அக்காமாருக்கு இது தெரியும். கேட்க வேண்டியவர்கள்தான் கேட்பதில்லை. அல்பத்தைப் புரட்டினால் காலையில் மாப்பிள்ளையின் தோளுக்கு நின்ற பெண் மாலையில் காதுக்கு வளர்ந்திருப்பதைக் காணலாம். மஞ்சள் கயிற்றின் மகிமை என்று இதை விளக்கும் பெரியவர்களும் உண்டு.

இங்கே அளவு பற்றியும் ஒரு சொல். ஆங்கிலேயர் பாதத்தை வாற்கோதுமையால் அளப்பவர்கள்: ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஒரு மணி, அதாவது அங்குலத்தில் மூன்றிலொரு பங்கு. காலை முதல் நின்ற கால் மாலையில் வீங்கும். சப்பாத்தைச் சாயங்காலம் போய் வாங்குவதே அறிவுடைமை. பாதி மணி அளவு தாராளம் காட்டினால் வரவேற்பில் சிரிப்பு இயல்பாக வரும்.

பதிவுத் திருமணத்தை இவ்வாய்வு விரைந்து கடக்கிறது. திருமணத்துக்கெனப் பதிவு செய்யாத மண்டபத்தில் தாலி கட்டினால் சட்டத்துக்கு அது போதாது. பதிவாளர் முன்னும் கையெழுத்து வைக்கவேண்டும். அங்கே சப்பாத்தைக் கழற்றச் சொல்வாரில்லை. தமிழர் கல்யாணத்தில் வரவேற்பை விட்டால் கயிற்றுச் சப்பாத்துக்குரிய ஒரே சபை அதுதான்.

தமிழ்நாட்டு ஐயர் வீட்டுக் காசி யாத்திரை தனி வகை. அங்கே மாப்பிள்ளை புதுச்செருப்பு, குடை, தடியோடு துறவுக்குக் கிளம்புவதுதான் சடங்கு. செருப்பு அணியாவிட்டால்தான் குற்றம். லண்டன் கார் பார்க்கில் அந்தக் குடைக்கும் உண்மையான வேலை கிடைக்கிறது. மாமனார் வழிமறித்துக் கூப்பிடும்போது மாப்பிள்ளை இவ்வளவு வேகமாகத் திரும்பிவருவதற்குச் சாஸ்திரம் அல்ல, மழையே காரணம் என்பது என் துணிபு.

இறுதியாகக் களவியல். மாப்பிள்ளையின் சப்பாத்தை மைத்துனிமார் ஒளித்துப் பணம் கேட்கும் வடநாட்டு வழக்கம், 1994-இல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' படத்தால் எல்லாத் திசையும் பரவி, ஹரோவில் பிறந்த தமிழ்ப் பெண்களிடமும் வந்து சேர்ந்துவிட்டது. தொகையைப் பவுண்டில் பேசுகிறார்கள், கார்ட் ஏற்பதில்லை. முன்யோசனையுள்ள மாப்பிள்ளைகள் கார் டிக்கியில் இன்னொரு சோடி வைத்திருக்கிறார்கள். அதனால் இப்போதெல்லாம் மைத்துனிமார் சப்பாத்தோடு கார்ச் சாவியையும் சேர்த்தே எடுத்துவிடுகிறார்கள்.