நாய் நகக் கவ்வாத்து: தலவாக்கலையை முன்வைத்து ஓர் ஆய்வு

எங்கே வெட்டுவது என்ற கேள்வியை ஆராயத் தலவாக்கலையைவிடத் தகுந்த ஊர் கிடையாது. 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் இங்கே சென் கூம்ஸ் தோட்டத்தில்தான் இருக்கிறது. செடியை எந்த உயரத்தில் கவ்வாத்து வெட்டுவது, எந்தப் பருவத்தில் வெட்டக்கூடாது, வெட்டுமுன் வேரில் மாச்சத்து போதுமா என்று அயோடின் வைத்துப் பார்ப்பது எல்லாம் அலசியாயிற்று. லயத்து வாசலில் படுத்திருக்கும் நாயின் நகத்தை எங்கே வெட்டுவது என்று மட்டும் ஒரு சுற்றறிக்கையும் நம் கைக்கு எட்டவில்லை. அக்குறை தீர்க்க எழுந்ததே இக்கட்டுரை.

முன்னோரால் பயனில்லை. ஆங்கிலேய வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கர் 1854இல் வெளியிட்ட நூலில் நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கமெல்லாம் வேட்டை நாய்களோடு மரை துரத்துகிறார். கல்லிலும் காட்டிலும் அப்படி ஓடுகிற நாய்க்கு நகம் நீள நேரம் ஏது? பின்னர் அரசாங்கம் 1893இல் விசர்நாய்க்கடிக்கு ஒரு சட்டமும் 1901இல் நாய்ப் பதிவுக்கு ஒரு சட்டமும் கொண்டுவந்தது. சட்டத்தின் கண் பல்லில் இருந்தது, பாதத்துக்கு இறங்கவில்லை.

இனி உடற்கூறு. முன்கால் ஒன்றுக்கு ஐந்து, பின்கால் ஒன்றுக்கு நான்கு என்று சாதாரண நாய்க்கு 18 நகம். நகத்துக்குள்ளே இரத்தக்குழாயும் நரம்பும் கொண்ட சதை ஓடுகிறது. அதற்கு இந்தப் பக்கம் வெட்டினால் நாய்க்கே தெரியாது. அதில் பட்டால் லயம் முழுக்கத் தெரியும். வெள்ளை நகமானால் வெளிச்சத்தில் சதை ரோஸ் நிறமாகத் தெரியும். கறுப்பு நகம் எதையும் காட்டிக்கொடுக்காது. மெல்லிசாகச் சீவிக்கொண்டே வந்து, வெட்டிய முகத்தின் நடுவில் கரும்புள்ளி தென்பட்டதும் கையை எடுத்துவிட வேண்டும்.

கவ்வாத்துக்காரர் கத்தியைத் தீட்டாமல் மலைக்குப் போகமாட்டார். மழுங்கிய கத்தி வாதைச் சிதைத்துவிடும். மழுங்கிய நகவெட்டியும் நகத்தை வெட்டாமல் நசுக்குகிறது. நாய் பகைப்பது வெட்டையல்ல, இந்த நசுக்கலை. ஒப்புமை இத்தோடு சரி. தேயிலையைக் கவ்வாத்து வெட்டினால் மறு கவ்வாத்துக்கு வருடக்கணக்கில் பொறுக்கலாம். நகத்தில் அது நடக்காது. நீளவிட்ட நகத்தோடு சதையும் நீண்டிருக்கும்; அடிக்கடி நுனியை மட்டும் எடுத்து வந்தால்தான் அது மெல்லப் பின்வாங்கும். தவிர, தேயிலைச் செடி கடிக்காது.

நாயைப் பிடிக்கும் முறையில் அறிஞர் இருகூறாவர். பலப்பிரயோகப் பள்ளியினர் தொங்கல் காம்பராவரை ஆள் கூப்பிட்டு, "தலைய புடி, தலைய புடி" என்று கத்தியே காரியத்தைத் தொடங்குவர். தலையைப் பிடிக்க மட்டும் ஒருவரும் வரமாட்டார். ரொட்டிப் பள்ளியினர் நகத்துக்கு ஒரு துண்டு ரொட்டி தருவர். அடியேன் இந்தக் கட்சி. காரணம் கருணை மட்டுமல்ல: இரத்தம் கசிந்தால் கோதுமை மாவை வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்கலாம், ரொட்டி சுட்ட வீட்டில் அது கைக்கெட்டிய தூரத்தில் இருக்கும். நாய் பதினெட்டோடு நிறுத்தச் சம்மதிக்காது என்பதே இப்பள்ளிக்கு எதிரான ஒரே வலுவான வாதம்.

இத்தனைக்கும் பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தோட்டத்து நாய்க்கு இந்தச் சாத்திரமே பெரும்பாலும் வேண்டியதில்லை. காலையில் கொழுந்துக்குப் போகிறவர்களின் பின்னால் கல் ரோட்டில் ஏறி, கொழுந்து நிறுக்கிற இடத்தில் காத்திருந்து, பொழுதுசாயத் திரும்பும் நாய்க்கு ரோடே தேய்த்துக் கொடுத்துவிடுகிறது. நகம் நீளுவது அந்தக் காலத்தில் துரை பங்களாவின் விரிப்பில் படுத்த நாய்க்கு. இன்றைக்கு டவுனில் டைல்ஸ் பதித்த வீட்டு நாய்க்கு. நடக்கும்போது டக்டக்கென்று தரையில் தட்டினால் வெட்டும் நாள் வந்துவிட்டது.

ரோட்டுக்கும் எட்டாதது முன்காலின் உட்புறம் உயரத்தில் தொங்கும் ஐந்தாம் விரல். அதன் நகம் தரையில் படாது, தேயாது. கவனிக்காமல் விட்டால் வளைந்து திரும்பித் தோலையே குத்தும். கங்காணி வீட்டு நாயானாலும் கணக்கப்பிள்ளை வீட்டு நாயானாலும் கட்டாயம் பார்க்கவேண்டியவை இந்த இரண்டுதான். முடிக்குள் மறைந்திருப்பதால் அவையே கணக்கில் விடுபடுகின்றன. ஆள் திரட்டி, நாயைக் கட்டி, மற்ற பதினாறையும் வெட்டி, வேலை முடிந்தது என்று அவிழ்த்துவிடுகிறது பலப்பிரயோகப் பள்ளி.