இரண்டாவது ஸ்குரூ

நேற்று மத்தியானம் வரை எனக்கும் அந்த மானிட்டருக்கும் எந்தத் தகராறும் கிடையாது. பரணில் ஒரு பழைய போர்வைக்குள் அது பாட்டுக்குக் கிடந்தது. பத்தொன்பது அங்குலம், கிட்டத்தட்டச் சதுர முகம், 1280-க்கு 1024. முதுகில் படம் உள்ளே போக ஒரே வழி, நீல நிற விஜிஏ. புது லேப்டாப்பில் எக்செல் கட்டங்கள் கண்ணுக்குப் பிடிபடவில்லை என்பதால் அதை இறக்கித் துடைத்து மேஜையில் வைத்தேன். பிறகு லேப்டாப்பைக் கையில் எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். இடது பக்கம் இரண்டு டைப் சி ஓட்டை. வலது பக்கம் வழவழவென்று தகரம். அவ்வளவுதான் லேப்டாப்.

இரண்டையும் எப்படி இணைப்பது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. அதற்கு முன் விஜிஏ கேபிளின் ஸ்குரூவைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

ஐபிஎம் கம்பெனி 1987-இல் தன் பிஎஸ்/2 கம்ப்யூட்டரோடு விஜிஏவைக் கொண்டுவந்தது. மூன்று வரிசையில் 15 பின்னுக்கு இடம். இரு பக்கமும் கையால் திருகுகிற மாதிரி ஆளுக்கொரு ஸ்குரூ. மேஜை மேல் இருக்கும் பெட்டியிலிருந்து வயரை யாரோ உருவிக்கொண்டு ஓடப்போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள் போல. அந்த இரண்டையும் கையால் முழுசாகத் திருகிய மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை. நீங்களும் ஒன்றைத்தான் திருகுவீர்கள். கைக்கு எட்டுகிற ஒன்று. மற்றது சுவரோரமாகப் போய் நிற்கும். அதை எட்டிப் பிடிக்க மேஜைக்குப் பின்னால் கன்னத்தை வைத்து அழுத்த வேண்டும். இரண்டு சுற்று சுற்றுவோம், மூன்றாவது சுற்றில் அது கோணலாக ஏறும், “போதும், நிக்குது” என்று எழுந்துவிடுவோம்.

ஒன்றைக்கூடத் திருகாதவர்களும் உண்டு. அவர்கள் மானிட்டர் ஒருநாள் காலையில் மஞ்சளாக விடியும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனிப் பின். நீலம் சரியாக ஒட்டவில்லையென்றால் படம் மஞ்சள், பச்சை விட்டுப்போனால் ரோஸ். கனெக்டர் தலையில் ஒரு தட்டுத் தட்டினால் நிறம் திரும்பும். அடுத்த முறை யாராவது நாற்காலியை நகர்த்தினால் போய்விடும். எங்கள் அலுவலகத்தில் அக்கவுண்ட்ஸ் பார்த்தவர் ஒருவர் ஒரு நிதியாண்டு முழுக்க ரோஸ் நிறத்திலேயே முடித்தார். கேட்டதற்கு, “கண்ணுக்கு இதமா இருக்கு சார்” என்றார்.

சர்வீஸுக்கு வரும் பையன் மட்டும்தான் இரண்டையும் இறுக்குவான், ஸ்குரூ டிரைவர் போட்டு. பல வருஷம் கழித்து அதைக் கழற்றுகிற பாவம் நம் தலையில். அந்த ஸ்குரூ தனியாக வராது. தான் உட்கார்ந்திருந்த அறுகோண நட்டையும் மானிட்டரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். மூக்கில் நட்டு மாட்டிய ஸ்குரூ அதற்குப் பிறகு உலகத்தில் எந்த மானிட்டருக்குள்ளும் போகாது. கழற்றக் கட்டிங் பிளேயர் வேண்டும். பிளேயர் எங்கே என்று வீட்டில் கேட்க வேண்டும். “ஏங்க, தீபாவளிக்கு சீரியல் லைட் மாட்டுறேன்னு நீங்கதானே எடுத்தீங்க?” என்று பதில் வரும். விசாரணை அங்கிருந்து சீரியல் லைட்டுக்குப் போகும், அதை இரவல் வாங்கிப் போன எதிர்வீட்டுக்குப் போகும், மானிட்டர் போர்வையோடு நடுக்கூடத்தில் நிற்கும்.

ஸ்குரூவை இத்தோடு விட்டுவிடலாம். ஆனால் ஸ்குரூ வரை வந்துவிட்டு ஒன்பதாம் பின்னைச் சொல்லாமல் போவது நியாயமில்லை. பல விஜிஏ கேபிள்களில் நடுவரிசையில் ஒரு பின் இருக்காது. ஆரம்பத்தில் ஐபிஎம்மே அந்த இடத்தை வேண்டுமென்றே காலியாக விட்டிருந்தது. இது என் மச்சானுக்குத் தெரியாது. எண்ணிப் பார்த்தார், 14 வந்தது. “மாமா, ஒண்ணு உடைஞ்சு உள்ள மாட்டிருக்கு” என்று மானிட்டரின் ஓட்டைக்குள் டார்ச் அடித்துத் தேட ஆரம்பித்தார். தேடின வேகத்தில் நன்றாக இருந்த இன்னொரு பின் வளைந்தது. மைக்ரோடிப் பென்சிலின் முனையை அதன் மேல் நுழைத்து மெதுவாக நிமிர்த்தினோம். அந்தப் பென்சில் எங்கே என்பது தனி விசாரணை.

கேபிள் எங்கிருந்து வந்தது என்று கேட்கமாட்டீர்கள். பழைய வயர்கள் அடைத்த அந்தக் கட்டைப்பை உங்கள் வீட்டிலும் இருக்கிறது.

ஆக, கேபிள் இருக்கிறது, லேப்டாப்பில் அது போக ஓட்டைதான் இல்லை. நடுவில் மாட்ட ஒரு கன்வெர்ட்டர் தேடிச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். மவுண்ட் ரோடு வெயிலில் இறங்கி, டூவீலர்களுக்கு நடுவில் பக்கவாட்டில் நடந்து, முதலில் தெரிந்த கவுண்டரில் நின்றேன். “எது டு எது சார்?” என்றான் பையன். விஜிஏ என்றேன். “விஜிஏ டு ஹெச்டிஎம்ஐயா, ஹெச்டிஎம்ஐ டு விஜிஏவா?” இரண்டும் ஒன்றுதானே, திருப்பிச் செருகினால் போகிறது என்று நினைக்க வேண்டாம். விஜிஏவில் போவது ஏறி இறங்கும் மின்னழுத்தம்; மற்றதில் போவது வெறும் எண்கள். மாற்றிக்கொடுக்க நடுவில் ஒரு சிப் உட்கார்ந்திருக்கிறது, அது ஒருவழிப்பாதை. என்னுடையது டைப் சி என்றேன். “மேலா, ஃபீமேலா?” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி விசாரித்தான். பக்கத்தில் இயர்போன் பார்த்துக்கொண்டிருந்த பெண்மணி சற்றுத் தள்ளி நின்றுகொண்டார். ஃபீமேல் என்று முனகினேன். “லேப்டாப் என்ன மாடல் சார்? எல்லா டைப் சிலயும் டிஸ்ப்ளே வராது.”

இங்கேதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. டைப் சி 2014-இல் வந்த சமாச்சாரம். உள்ளே 24 பின். எப்படிச் செருகினாலும் போகும், எல்லாவற்றுக்கும் இதுதான் என்று சொல்லித்தானே கொண்டுவந்தார்கள்? பார்த்தால் எல்லா ஓட்டையும் ஒரே ஓட்டை. ஆனால் ஒன்று சார்ஜ் மட்டும் ஏற்றும், ஒன்று ஃபைல் மட்டும் அனுப்பும், லேப்டாப் செய்தவர் மனது வைத்திருந்தால் ஒன்றில் படமும் வரும். பக்கத்தில் ஒரு குறி பொறித்தால் என்ன குடி முழுகிவிடும்? சில கம்பெனிகள் பொறிக்கின்றன. என்னுடையதில் தகரம் மட்டும் பளபளக்கிறது.

விஜிஏவை 2015-க்குள் ஒழித்துக்கட்டுவதாக 2010 டிசம்பரில் இன்டெல், ஏஎம்டி, டெல், லெனோவோ, சாம்சங், எல்ஜி எல்லாம் சேர்ந்து அறிவித்தன. நல்லது. மானிட்டரிடம் யார் சொன்னார்கள்? அது தன் பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கிறது. எத்தனையோ கல்லூரி செமினார் ஹால்களில் இன்றைக்கும் மேடையோரம் நீலத் தலையோடு அந்தக் கேபிள்தான் தொங்குகிறது. லேப்டாப்பை மெலிசாக்குகிறேன் என்று இருந்த ஓட்டைகளைப் பிடுங்கிவிட்டு, பிடுங்கிய ஓட்டையையே பிளாஸ்டிக் கவரில் போட்டு விற்கிறார்கள். மெலிசாக வேண்டும் என்று நான் யாரிடம் கேட்டேன்? இடுப்பில் செருகிக்கொண்டா போகப்போகிறேன்? இப்போது லேப்டாப் மெலிசு, பை கனம்.

வாங்கி வந்து மாட்டினேன். படம் வந்தது. மானிட்டரின் கொள்ளளவு என்னவென்று லேப்டாப்புக்குப் புரியாமல், அதுவாக 1024-க்கு 768 என்று முடிவு செய்துகொண்டது. எல்லார் முகமும் சற்று நீண்டு, அம்மை போட்டு எழுந்தவர்கள் மாதிரி தெரிந்தார்கள். படம் மொத்தமும் இடது பக்கம் தள்ளி நின்றது. அதற்கு மானிட்டரிலேயே ஆட்டோ பட்டன் உண்டு, அழுத்தினால் நடுவுக்கு வந்துவிடும். அந்தப் பட்டன் எப்போதோ உள்ளே போனது, திரும்பவில்லை.

அதுகூடப் பரவாயில்லை. கன்வெர்ட்டர் நாலு அங்குல நூல், அதில் தொங்குவது அந்தக் காலத்துத் தடிக் கேபிள். மேஜை விளிம்பிலிருந்து கன்வெர்ட்டரோடு லேப்டாப்பையும் இழுக்கப் பார்க்கிறது. கேபிளைப் புத்தக அடுக்கின் மேல் தூக்கி வைத்திருக்கிறேன். ஒரு ஓட்டையில் கன்வெர்ட்டர், மற்றதில் சார்ஜர். மவுஸின் பொடி ரிசீவர் பழைய யூஎஸ்பி. அதற்கு இடமுமில்லை, பொருத்தமும் இல்லை. மவுஸை வேலை செய்யவைக்க சார்ஜரைக் கழற்ற வேண்டும், அதற்கும் ஒரு கன்வெர்ட்டர் வேண்டும், அதற்கும் எது டு எது என்று சொல்ல வேண்டும். இன்று ஞாயிற்றுக்கிழமை. கடை லீவு.