விடுப்புச் செயலிக்கு முப்பது சர்வீஸ்கள்

பெறுநர்: மென்பொருள் கட்டமைப்பு ஆய்வுக் குழு

பொருள்: ஊழியர் விடுப்புச் செயலியை முப்பது மைக்ரோசர்வீஸ்களாக, அதாவது தனித்தனியே ஓடும் சிறு புரோகிராம்களாக, பிரிக்கும் உத்தரவு – மறுபரிசீலனை கோருதல்.

விடுப்பு கிடைப்பதே அரிதான அலுவலகத்தில், அதைக் கேட்கும் செயலிக்கு முப்பது சர்வீஸ்களும் அவற்றைக் கட்டி மேய்க்க ஒரு குபர்னெட்டிஸ் கிளஸ்டரும் ஒதுக்கிய தங்கள் தாராள மனதுக்கு நன்றி. மீதி விடுப்பைக் கணக்கிடுவது முன்பு ஒரே புரோகிராமுக்குள் ஒரு ஃபங்ஷன் அழைப்போடு முடிந்தது. இனி அந்தக் கேள்வி நெட்வொர்க் ஏறிப் போகும். தாமதமாகலாம், பாதி வழியில் அறுந்துபோகலாம், போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் மறுபடி அனுப்பியதில் ஒரே விடுப்பு இரண்டு முறை கழியலாம். நெட்வொர்க்கை நம்பிவிடாதீர்கள் என்று சன் மைக்ரோசிஸ்டம்ஸின் பீட்டர் டாய்ச் 1994-இலேயே பட்டியல் போட்டு எச்சரித்தார். அது தங்களுக்கு வந்து சேராததில் வியப்பில்லை, அதுவும் நெட்வொர்க்கில்தானே வர வேண்டும்.

ஒரு சர்வீஸ் விழுந்தாலும் மற்றவை ஓடும் என்பது தங்கள் வாதம். ஒன்றுக்காக ஒன்று காத்திராத சர்வீஸ்களுக்கு அது சரி. இங்கோ ஒவ்வொரு விண்ணப்பமும் முப்பது வாசலையும் தட்டியாக வேண்டும். ஒவ்வொன்றும் 99.9 சதவீத நேரம் நலமாக இருந்தாலும், பெருக்கிப் பார்த்தால் மொத்தம் 97 சதவீதம்தான் தேறும். ஆண்டுக்கு ஒன்பது மணி நேரம் முடங்கவேண்டியது பத்து நாளுக்கு மேல் முடங்கும். அந்த நாட்களில் யாராலும் விடுப்பு கேட்க முடியாது என்பதால் நிர்வாகத்துக்கு இது லாபமாகவும் படலாம்.

மைக்ரோசர்வீஸுக்கு முன்மாதிரியாக நெட்ஃபிளிக்ஸைக் காட்டுகிறீர்கள். 2008-இல் டேட்டாபேஸ் பழுதாகி மூன்று நாள் டிவிடி அனுப்ப முடியாமல் போன பிறகு, சர்வீஸ்களாகப் பிரிந்து கிளவுடுக்கு முழுதாக மாற அவர்களுக்கு 2016 வரை ஆனது. நம் செயலிக்கு அந்த நோயும் இல்லை, அந்த வைத்தியத்துக்கான பணமும் இல்லை. மாறாக, நூற்று நாற்பதுக்கு மேற்பட்ட சர்வீஸ்களாகச் சிதறிய செக்மென்ட் நிறுவனம், அவற்றை மீண்டும் ஒன்றாக்கிய கதையை 2018-இல் எழுதியது. கிளவுடை விற்கும் அமேசானிலேயே, பிரைம் வீடியோவின் தரக் கண்காணிப்புக் குழு சிதறிக் கிடந்ததை ஒரே புரோகிராமுக்குள் கொண்டுவந்து செலவை 90 சதவீதத்துக்கு மேல் குறைத்ததாக 2023-இல் அறிவித்தது.

தனித்தனி டீம்கள் காத்திராமல் வேலை பார்க்கலாம் என்ற வாதம் மட்டும் வலுவானது. நூற்றுக்கணக்கானோர் ஒரே புரோகிராமில் கை வைக்கும் இடத்தில் அது பொருந்தும். இங்கே இருப்பது மூன்று பேர். தலைக்குப் பத்து சர்வீஸ் என்றால் அவர்கள் தங்களுக்காகத் தாங்களே காத்திருப்பார்கள். ஷாப்பிஃபை நிறுவனம் செய்வதுபோல ஒரே புரோகிராமுக்குள் தெளிவான எல்லைகளோடு பகுதி பிரித்துக்கொண்டால், நாளை உண்மையிலேயே சுமை ஏறும் பகுதியை மட்டும் வெட்டி வெளியே எடுக்கலாம்.

எனவே ஒரு சர்வர், ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், தினமும் இரவில் ஒரு பேக்கப் – இவற்றுக்கு அனுமதி வழங்க வேண்டுகிறேன். மறுப்பதானால், முப்பதில் எந்தச் சர்வீஸ் மறுத்தது என்பதை லாகிலிருந்து தேடி எடுத்துத் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
மூவரில் ஒருவர்