ரப்பர் அண்ணாச்சி

ஸ்ரீவைகுண்டத்தில் ஒருத்தர், நாசரேத்தில் ஒருத்தர், குரும்பூரில் ஒருத்தர் என்று ஊருக்கு ஒரு ரப்பர் அண்ணாச்சி நிச்சயம் இருப்பார். எங்கள் ஏரல் அண்ணாச்சியின் சட்டைப்பையில் பேனா கிடையாது. ஓரமெல்லாம் கறுத்துத் தேய்ந்த அழிரப்பர் ஒன்றுதான் கிடக்கும். தெரியாதவர்கள் ரெண்டாம் வகுப்பு வாத்தியார் என்று நினைப்பார்கள். தொழில், கம்ப்யூட்டர் வைத்தியம். எந்தச் சிஸ்டம் எந்தச் சீக்கில் படுத்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "ராமைக் கழத்தித் தொடச்சியா?" புதிதாகக் கேட்பவர்களுக்கு ஏதோ கோவில் கைங்கரியம் போலத் தோன்றும்.

ரப்பரையும் குறை சொல்லக் கூடாது. மெமரிப் பலகையின் அடியில் தங்கமுலாம் பூசிய பற்கள் வரிசையாக இருக்கும். டிடிஆர் 4 என்றால் 288 பல். ஆற்றங்கரை ஈரமும் பஜார் புழுதியும் அதில் படிந்தால் சிஸ்டம் 'பீப் பீப்' என்று கத்தும், அல்லது கத்தக்கூட மாட்டாமல் கிடக்கும். அண்ணாச்சி பலகையை உருவி, இரண்டு பக்கமும் ரப்பரால் தேய்த்து, திருநீறு ஊதுகிற மாதிரி 'ஃபூ' என்று ஒரு ஊது ஊதி மாட்டுவார். பாதிக் கேஸ் அங்கேயே எழுந்து உட்காரும். மீதிப் பாதிதான் சங்கடம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மழையில் தாமிரபரணி எங்கள் பஜாருக்குள் வந்துவிட்டுப் போனது. வடிந்த பிறகு கடை கடையாகச் சேறு குடித்த கேபினட்டுகள். "காயுத மட்டும் எவனும் சுவிட்சுல கைய வைக்கப்படாது!" என்று தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போனவர் அண்ணாச்சிதான். போர்டுகளை நல்ல தண்ணீரில் அலசி, ஸ்பிரிட்டில் துடைத்து, மொட்டைமாடியில் பாய் விரித்து வடகம் மாதிரி காயப்போட்டார். பலருடைய கணக்கு வழக்கும் கல்யாண போட்டோவும் பிழைத்தன. 1908 ஆடி அமாவாசையன்று மறைந்த சேர்மன் அருணாசலமே சாமியாகிவிட்ட ஊர் இது. அண்ணாச்சிக்கும் அரைச்சாமி அந்தஸ்து கிடைத்ததில் ஆச்சரியமில்லை.

என் கதை போன ஆடியில் நடந்தது. நான் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்துக் கொடுக்கிற ஆள். ஆடி அமாவாசை நெருங்கினால் வேலை தலைக்கு மேல். அந்த நேரம் பார்த்து, சென்னையில் இருக்கிற மருமகன் ரிச்சி தெருவில் ஒரு பழைய புராசஸர் வாங்கி அனுப்பியிருந்தான். ரைசன் 5 5600. என்னிடம் இருந்தது ரைசன் 3 2200ஜி. "ரெண்டும் ஒரே ஓட்டைதான் மாமா, மாத்திப் போட்டா பறக்கும்" என்றான். ஓடிக்கொண்டிருந்த சிஸ்டத்தைத் திறந்து மாட்டினேன். காற்றாடி சுற்றியது, சிவப்பு விளக்கு எரிந்தது, திரையில் 'நோ சிக்னல்'.

அண்ணாச்சி வந்தார். டீ வந்தது. பின்னாலேயே வேடிக்கை பார்க்க நாலு பேர் வந்தார்கள்.

"அண்ணாச்சி, நேத்து புராசஸர..."

"இரு. ராமைத் தொடச்சியா?"

தேய்த்தார். ஓட்டை மாற்றி மாட்டினார். வட்டப் பேட்டரியைக் கழற்றி நாக்கில் வைத்துப் பார்த்துத் திரும்ப மாட்டினார். வயரைப் பிடுங்கிவிட்டு பவர் பொத்தானை முப்பது எண்ணும் வரை அழுத்திப் பிடித்து, "உள்ள நிக்க கரண்டு எறங்கட்டும்" என்றார். பிறகு கேபினட்டுக்குள் மூக்கை விட்டு மோந்தார். "எஸ்எம்பிஎஸ் போயிட்டு, பாத்துக்க." வேறு எஸ்எம்பிஎஸ் மாட்டினார். நோ சிக்னல். இந்த வகை மனிதர்கள் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: கெட்டுப்போவதற்கு முன்னால் நீ என்ன செய்தாய்? கேட்டால் வைத்தியம் நோயாளி கைக்குப் போய்விடும் அல்லவா!

புராசஸரையே கழற்றிப் பார்க்கலாம் என்று காற்றாடியை நெட்டுக்குத் தூக்கினார். அதை லேசாகத் திருகித்தான் எடுக்க வேண்டும். பேஸ்டில் ஒட்டிக்கொண்டு புராசஸரும் கூடவே, கிணற்றில் விழுந்த வாளி பாதாளக்கரண்டியில் வருவதுபோல வந்தது. அடியில் 1331 ஊசிகள். மூலையில் ஒன்று மடங்கியிருந்தது. கடைக்குள் கொஞ்ச நேரம் யாரும் டீயை உறிஞ்சவில்லை.

அண்ணாச்சி அசரவில்லை. அடுத்த சந்தில் இருக்கிற பொன்னாசாரியிடம் அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு போனோம். ஆசாரி கண்ணில் லென்சை மாட்டி, மூச்சை அடக்கி, சாமணத்தால் ஒரு தொடு தொட்டார். ஊசி நிமிர்ந்தது. "மூக்குத்தித் திருகாணிய விட லேசு" என்றார். காசு வாங்கவில்லை.

திரும்பி வந்து என் பழைய புராசஸரைப் போட்டார். திரை வந்துவிட்டது!

"பாத்தியா? ராம்தான்."

அப்போதுதான் என் கடையில் பகுதிநேரமாக டைப் அடிக்கும் பாலிடெக்னிக் பிள்ளை மெல்ல வாயைத் திறந்தது. "அண்ணாச்சி, போர்டு 2018-ல வந்தது. இந்த புராசஸர் 2022-ல வந்தது. பயாஸ் அப்டேட் பண்ணாம போர்டுக்கு இத அடையாளம் தெரியாதுல்லா?"

"அதத்தானே நான் அப்பவே சொல்லுதேன்" என்றார் அண்ணாச்சி. எங்கள் யாருக்கும் அப்படி ஒரு ஞாபகம் இல்லை.

பென் டிரைவில் பயாஸ் இறக்கி ஏற்றியது அந்தப் பிள்ளைதான். நடுவில் கரண்ட் போனால் போர்டே போய்விடும் என்றது. நம்ம ஊர் கரண்டை நம்பி அந்தக் காரியமா? யுபிஎஸ்ஸை நான் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாலு பேரும் சேர்மன் கோவில் திசை பார்த்துக் கும்பிட்டார்கள். கோடு நூறைத் தொட்டது. புதிய புராசஸரை மாட்டினோம்.

நோ சிக்னல்.

"ராமை..." என்று அண்ணாச்சி ஆரம்பிக்கும்போதே அந்தப் பிள்ளை பழைய டப்பாவையும் புதிய டப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. "பழசுல கடைசியில 'ஜி' இருக்கு. புதுசுல இல்ல. அப்படின்னா இதுக்குள்ள கிராபிக்ஸ் கிடையாது அண்ணாச்சி. வேலையெல்லாம் பாக்குது, காட்டத்தான் வழியில்ல. தனியா கார்டு வேணும்."

ஆக, சிஸ்டம் உள்ளே முழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது, பாவம், ஊமை. அந்த ஒரு எழுத்தைச் சொல்லாத மருமகனை மனதுக்குள் வைத்துத் திட்டினேன்.

அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போய் ஒரு சாக்கோடு வந்தார். வெள்ளத்தில் மீட்டு, சொந்தக்காரர் வேண்டாம் என்று விட்டுப்போன சாமான்கள். துழாவி ஒரு ஜிடி 710 கார்டை எடுத்தார். அதன் காற்றாடி இடுக்கில் இன்னும் ஆற்று வண்டல். மாட்டினோம். வரவில்லை. அந்தப் பிள்ளை முகத்தில் முதல்முறையாகக் குழப்பம்.

அண்ணாச்சி கார்டை உருவினார். சட்டைப்பையில் கை விட்டார். பொன்னிறப் பற்களை இரண்டு பக்கமும் தேய்த்தார். ஃபூ.

திரை வந்தது.

அவர் யாரையும் பார்க்கவில்லை. ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "எவ்வளவு அண்ணாச்சி?" என்றதற்கு, "பாத்துக் குடு" என்று எழுந்தார். வாசற்படியில் நின்று அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, கடைக் கத்தியால் ரப்பரை இரண்டாக வெட்டி ஒரு பாதியை அதன் கையில் வைத்தார்.

என் கீபோர்டில் இன்னும் ரப்பர் தூள் கிடக்கிறது. 'ந' அடித்தால் ரெண்டு தடவை விழுகிறது.