பச்சை ஃப்யூஸ் காபி

என் அப்பாவுக்கு 82 வயது. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, பிடிவாதம் மட்டும் உண்டு. நெடுஞ்சாலை ஓட்டல் காபியை அவர் காபி என்றே ஒப்புக்கொள்வதில்லை. "கழனித்தண்ணிக்குக் கலர் போட்டு வெச்சிருக்கான்" என்பார். சென்னையிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு எப்படியும் ஐந்தாறு மணி நேரம் ஆகும். டிகாஷன் ஃபிளாஸ்கில் வந்துவிடும். பால்தான் சிக்கல். பால் அவர் கண்ணெதிரே பொங்க வேண்டும்.

அதற்காகத்தான் 300 வாட் இன்வெர்ட்டர் ஒன்றும் 250 வாட்டில் ஒரு குட்டி மில்க் கெட்டிலும் வாங்கினேன். 300 பெரியதா, 250 பெரியதா? நான் கணக்கு வாத்தியார். இருபத்தெட்டு வருஷமாக எட்டாம் வகுப்புக்கு வகுத்தல் சொல்லிக்கொடுப்பவன். கடையிலேயே கணக்கை முடித்துவிட்டேன்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் வாசலில் வெள்ளோட்டம். இன்ஜினை ஓடவிட்டு, சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் இன்வெர்ட்டரைச் செருகி, கெட்டிலைப் போட்டேன். அரை நிமிஷம். இன்வெர்ட்டர் கண்ணை மூடியது. கூடவே காரில் ஓடிக்கொண்டிருந்த சுப்ரபாதமும் நின்றது. என் காரில் சாக்கெட்டுக்கும் பாட்டுப்பெட்டிக்கும் ஒரே ஃப்யூஸ் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

மைத்துனனுக்கு போன் போட்டேன். அவனுக்குத் தெரியாத தொழில் கிடையாது. எதையும் செய்து பார்த்தது மட்டும் கிடையாது.

"என்ன கலர் ஃப்யூஸ் அத்தான்?"

"நீலம். 15னு போட்டிருக்கு."

"அதான் விஷயம். பச்சை வாங்கிப் போடுங்க, 30. அதெல்லாம் தாங்கும்."

தாங்கும் என்றால் எது தாங்கும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். பச்சை ஃப்யூஸ் தாங்கியது. அதில் குறை சொல்ல முடியாது.

மறுநாள் விடிகாலை, மேல்மருவத்தூர் தாண்டி ஒரு புளியமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டினேன். இன்ஜின் ஓடுகிறது, கெட்டிலில் அரை லிட்டர் பால். அப்பா டம்ளரும் டபராவுமாகத் தயார். ஐந்து நிமிஷம், ஆறு நிமிஷம். ஏழாவது நிமிஷம் அப்பா மூக்கைச் சுளித்தார்.

"பால் அடிபிடிச்சிருச்சு பாரு."

மனைவி மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தாள். குழந்தைக்குக் கொடுக்கிற சூட்டில் இருந்தது. பிறகு எது அடிபிடிக்கிறது? டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து நீலமாக ஒரு நூல் புகை. அதற்கப்புறம் நான் எப்படி இன்ஜினை அணைத்தேன், எப்படி பிளக்கைப் பிடுங்கினேன் என்பதெல்லாம் நினைவில்லை. பிளக்கோடு சாக்கெட்டின் உள்பக்கமும் கொஞ்சம் இளகிக் கையோடு வந்தது.

திண்டிவனம் புறவழிச்சாலை ஓரம் ஒரு தகரக் கொட்டகையில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரைப் பிடித்தேன். அவர் வாயில் பேச்சை விட ஸ்க்ரூதான் அதிகம். ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தார், பச்சையைப் பிடுங்கினார், என் உள்ளங்கையில் வைத்தார்.

"யார் சார் இதைப் போட்டது?"

மைத்துனனைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. "கடையில போட்டுட்டாங்கண்ணே" என்றேன்.

"ஃப்யூஸு எதைக் காப்பாத்த இருக்குன்னு நினைக்கிறீங்க? இன்வெர்ட்டரையா? வயரை சார். இந்த வயரு 15க்குத்தான் போட்டிருக்கான். நீங்க 30 வெச்சா, ஃப்யூஸு போறதுக்கு முன்னாடி வயரு போயிடும்."

எத்தனை ஆம்பியர் இழுத்திருக்கும் என்று கேட்டேன். "வாட்டைப் பத்தால வகுங்க. 25" என்றார். பேட்டரி 12 வோல்ட் ஆயிற்றே, பன்னிரண்டால்தானே வகுக்க வேண்டும், 20.8 அல்லவா என்று வாத்தியார் எழுந்துகொண்டார். அவர் சிரிக்கவில்லை. "பன்னெண்டால வகுத்தா புத்தகக் கணக்கு சார். இன்வெர்ட்டர் சும்மா மாத்திக் கொடுக்குமா? கூலி எடுத்துக்கும். பத்துன்னு வெச்சா சரியா வரும்."

இதே கெட்டில் வீட்டுச் சுவரில் 230 வோல்ட்டில் ஓடினால் ஒரு ஆம்பியருக்குச் சற்று மேல். அதனால்தான் நூல் மாதிரி வயரைப் பார்த்துப் பழகிய கண், காரிலும் அதையே எதிர்பார்க்கிறது. வோல்ட் குறைந்தால் ஆம்பியர் ஏறும், ஆம்பியர் ஏறினால் வயர் தடிக்க வேண்டும். எதிர்விகிதம். அதுவும் எட்டாம் வகுப்புப் பாடம்தான்.

கருகிய வயரையும் சாக்கெட்டையும் மாற்றிவிட்டு, இன்வெர்ட்டருக்குத் தனி லைன் இழுத்தார். முதல் வேலை, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் மைனஸைக் கழற்றியது. ஏன் மைனஸ் முதலில்? "பிளஸ்ஸைக் கழட்டும்போது ஸ்பேனரு பாடியில பட்டா தீபாவளி சார்." சுண்டுவிரலுக்குக் கொஞ்சம் இளைத்த சிவப்பு வயர், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தள்ளி 40 ஆம்பியர் ஃப்யூஸ். ஃப்யூஸை இன்வெர்ட்டர் பக்கம் வைத்தால், நடுவில் வயர் உரசி பாடியில் பட்டால் கேட்க நாதியில்லையாம். இன்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே வருகிற தகட்டு ஓட்டையில், வயரை வெட்டாமல் இருக்க ரப்பர் புஷ். முனையில் லக் வைத்து நசுக்கினார். முறுக்கி டேப் சுற்றலாமே என்று நான் வாயைத் திறக்கவில்லை; கற்றுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் இரண்டு கட்டளை. இன்வெர்ட்டர் மேல் துண்டு, பை எதுவும் போடக்கூடாது, அதற்கு மூச்சு விட வேண்டும். இது நேரே பேட்டரியிலிருந்து வருகிறது. சாவியை எடுத்தாலும் அணையாது. இறங்கும்போது சுவிட்சை மறக்காமல் அணைக்க வேண்டும்.

ஸ்ரீரங்கத்தில் மூன்று நாள் தங்கல். நாலாம் நாள் காலை சாவியைத் திருப்பினால், "டிக்" என்று ஒரே சத்தம். இன்வெர்ட்டரில் மட்டும் பச்சை விளக்கு சமர்த்தாக எரிந்துகொண்டிருந்தது. ஒன்றுமே மாட்டாவிட்டாலும் அது அரை ஆம்பியர் வரை குடிக்குமாம். அரை ஆம்பியர், 72 மணி நேரம், 36. என் பேட்டரி 35. கணக்கு இந்த முறை மிகச் சரியாக வந்தது.

"அணைக்கச் சொன்னாரே அவரு" என்றார் அப்பா. மூன்று நாளாக அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. கேட்டால்தான் சொல்லுவார். பக்கத்து டாக்ஸிக்காரர் தம்முடைய பேட்டரியிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்பிவிட்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திண்டிவனத்தில் வேலை நடந்த இரண்டு மணி நேரத்தில் எலக்ட்ரீஷியன் எல்லோருக்கும் டீ வரவழைத்தார். அப்பா மறுப்பார் என்று பயந்துகொண்டே பார்த்தேன். கண்ணாடி டம்ளரை வாங்கி ஊதி ஊதிக் குடித்தார். இன்னொன்றும் கேட்டார்.

"வெளியில குடிக்க மாட்டீங்களேப்பா?"

"காபிதானே குடிக்க மாட்டேன்னேன். டீயைப் பத்தி நீ கேட்டியா?"

இப்போது இன்வெர்ட்டரில் எப்போதாவது லேப்டாப் சார்ஜ் ஆகிறது. இறங்கும்போது சுவிட்சை அணைப்பது அப்பாவின் பொறுப்பு. மில்க் கெட்டில் பரணில் இருக்கிறது, வேண்டுவோர் வந்து எடுத்துக்கொள்ளலாம். பச்சை ஃப்யூஸை மட்டும் கேட்காதீர்கள், கொடுக்க மாட்டேன்.