இடைக்கழிநாட்டுப் பங்க் ராக்: ஒரு பூர்வாங்க ஆய்வு

கடப்பாக்கத்தில் பங்க் ராக் குழு எதுவும் இல்லை என்பது இந்த ஆய்வுக்கு ஒரு தடையே அல்ல. கிடைக்காமல் போன நூல்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிப் பட்டம் வாங்கிய மரபு நம்முடையது. இங்கோ ஆதாரம் கண்ணெதிரே மேடை போட்டு, சீரியல் லைட் கட்டி, காதைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. ஊரார் அதை ஆர்க்கெஸ்ட்ரா என்கிறார்கள். நோட்டீஸில் ‘மாபெரும் பக்தி இன்னிசைக் கச்சேரி’ என்று அச்சாகிறது. உலகம் நியூயார்க்கிலும் லண்டனிலும் தேடிக்கொண்டிருக்கும் பொருள் இதுதான் என்று நிறுவுவது நம் வேலை.

முதலில் இடம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்தைத் தாண்டித் தெற்கே போனால், மரக்காணத்துக்கு முன்னால் வருவது கடப்பாக்கம். செய்யூர் வட்டம், இடைக்கழிநாடு பேரூராட்சி. மாவட்டம், 2019-ல் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்த செங்கல்பட்டு. வெளியூர்க்காரர்கள் ஆலம்பரைக் கோட்டையைப் பார்க்க வருவார்கள்; 1760-ல் ஆங்கிலேயர்கள் இடித்துவிட்டுப் போன செங்கல்லுக்கு முன்னால் நின்று படம் எடுப்பார்கள்; வறுத்த மீன் சாப்பிட்டுவிட்டுப் புதுச்சேரிக்குக் கிளம்பிவிடுவார்கள். ஆய்வு மனப்பான்மை இல்லாத கூட்டம்.

அவர்கள் தவறவிட்டது இது: பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். 269 அடி. உள்ளே இருப்பது ஊர் ஊராகப் போய் வாசிக்கும் ஒரு குழுவின் அப்பட்டமான சுற்றுப்பயணத் திட்டம். பரிசு வாங்கித் திரும்பும் பாணன், எதிரே வாடி வரும் பாணனுக்கு வழி சொல்கிறான்: எந்த ஊர் வழியாகப் போகணும், எங்கே என்ன சாப்பாடு போடுவார்கள், கடைசியில் கையில் கொடுக்கப்போகிறவன் யார். எயிற்பட்டினத்தில் (மரக்காணம்தான் என்பது அறிஞர் வழக்கு) உலர்ந்த குழல்மீனைச் சுட்டுத் தருவார்கள், கள்ளும் உண்டு. வேலூரில் புளி போட்ட சுடுசோறும் ஆமான் கறியும். ஆமூரில் வெண்சோற்றுக்கு நண்டு. பாட்டைவிடச் சாப்பாடு தூக்கலாக இருக்கிறதே என்று முகம் சுளிக்கும் புலவர்கள் ஒருநாளும் வேனில் ஏறிக் கச்சேரிக்குப் போகாதவர்கள். ஆடி மாதத்தில் இந்தக் கடலோரத்துக்கு வாசிக்க வரும் குழு, வேனை விட்டு இறங்கியதும் கேட்கும் முதல் கேள்வி ஸ்பீக்கர் எங்கே என்பதல்ல. கூழோடு கருவாட்டுக் குழம்பு மிச்சம் இருக்கிறதா என்பதுதான். காய்ந்த மீன் அன்றும் இன்றும் மாறவில்லை. ஆகவே பண்பாட்டுத் தொடர்ச்சி நிறுவப்பட்டது.

அடுத்தது கால ஆராய்ச்சி. நியூயார்க்கின் ரமோன்ஸ் குழு தன் முதல் இசைத்தட்டை வெளியிட்டது 1976 ஏப்ரல் 23. ‘அன்னக்கிளி’ படம் வெளியானது அதே ஆண்டு மே 14. இடையில் மூன்றே வாரம். இதைத் தற்செயல் என்பவரோடு நமக்குப் பேச்சில்லை. அன்னக்கிளிக்கு இசையமைத்தவர் சினிமாவுக்கு வருவதற்கு முன்பு எங்கே இருந்தார் என்று பார்த்தால், அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவில், பொதுவுடைமைக் கட்சி மேடைகளுக்காக ஊர் ஊராகப் போய் வாசித்துக்கொண்டிருந்தார். கட்சி, கோபம், ஊர் சுற்றல், கையில் காசில்லாமை. பங்க் ராக் இலக்கணத்தில் இதற்குமேல் என்ன வேண்டும்?

ரமோன்ஸ் குழுவில் நாலு பேர். ஒருவருக்கொருவர் உறவில்லை, ஆனாலும் எல்லாரும் ரமோன் என்று ஒரே குடும்பப் பெயரை வைத்துக்கொண்டார்கள். மேலைநாட்டு ஆய்வாளர்கள் இதைப் பெரிய புதுமை என்று கொண்டாடுகிறார்கள். நம் கடற்கரைச் சாலையில் ஊருக்கு ஒரு ஜூனியர் எஸ்.பி.பி. இருக்கிறார். அவர்களுக்குள்ளும் உறவில்லை. பெயரோடு நிற்காமல் குரலையும் எடுத்துக்கொண்டார்கள் என்ற வகையில் இவர்கள் ஒரு படி மேல்.

ரமோன்ஸ் பாட்டுக்கு முன்னால் டீ டீ ரமோன் ‘ஒன் டூ த்ரீ ஃபோர்’ என்று கத்துவார். கடப்பாக்கத்து மேடையில் சாயங்காலம் ஆறு மணிக்கு மைக்செட்காரர் ‘ஹலோ மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ’ என்பார். மூன்றோடு நிறுத்திவிடுவார். நான்கு எங்கே போயிற்று? மின்வெட்டுக் காலத்தில் மூன்று சொல்வதற்குள் கரண்ட் போய்விடும் என்பதால் நான்கு வழக்கொழிந்தது என்பது ஒரு கட்சி. நான்காவது எண்ணைப் பாட்டுக்காரருக்கு ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்பது இன்னொரு கட்சி. நான் முதல் கட்சி. இந்த டெஸ்டிங்கின்போது மைக் கூவும். லண்டனில் அந்தக் கூவலை வேண்டுமென்றே வரவழைத்துப் பாட்டில் சேர்த்தார்கள். இங்கே அது தானாகவே வரும், அரை மணி நேரம் வரும், “டேய், பாக்ஸ திருப்பி வைடா” என்று யாராவது சொன்ன பிறகும் வரும்.

நியூயார்க் பவரி தெருவில் 1973-ல் ஹில்லி கிறிஸ்டல் திறந்த சிபிஜிபி என்ற மதுக்கூடம்தான் பங்க் ராக்கின் ஆதி மேடை என்பார்கள். அதன் கழிப்பறை உலகப் பிரசித்தம்; அவ்வளவு அசிங்கம். கோயில் திடல் மேடைக்கு அந்தப் பெருமையும் இல்லை, ஏனென்றால் கழிப்பறையே கிடையாது. ஆண்கள் எப்படியோ சமாளித்துக்கொள்கிறார்கள். பாடகி, கோயிலை ஒட்டிய ஏதோ ஒரு வீட்டில் “அக்கா, கொஞ்சம் பாத்ரூம்…” என்று தயங்கி நின்று, அங்கேயே புடவை மாற்றி, அந்த அக்கா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, அவருக்காக ஒரு பாட்டுப் பாடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டு வருகிறார். விழாக் குழுக்கள் பந்தலுக்கும் வாணவேடிக்கைக்கும் செலவழிப்பதில் ஒரு துளியை எடுத்து வைத்தால் இது தீரும். ஆய்வுக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லி வைக்கிறேன்.

இனி ஆய்வின் உயிர்நாடியான துண்டுச்சீட்டுக்கு வருவோம். இது ஒரு சுவடி. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் முதுகில் எழுதப்படுவது; மறுபக்கத்தில் ராகுகாலம், எமகண்டம். நாலாய் மடித்து, வியர்வையில் நனைந்து, நாலைந்து கை மாறி மேடைக்கு வரும். உடன் ஒரு பத்து ரூபாயோ ஐம்பது ரூபாயோ. சீட்டில் பாட்டின் பெயர் சிறிதாகவும், கேட்பவர் பெயரும் தெருவும் பெரிதாகவும் இருக்கும். அதுதான் வாசிக்கப்பட வேண்டிய பகுதி. காம்பியர் தெருப் பெயரை விட்டுவிட்டால் பாட்டை எவ்வளவு நன்றாகப் பாடினாலும் அந்தத் தெரு கைதட்டாது.

இதில் பாடபேதங்கள் ஏராளம். உ.வே.சாமிநாதையர் 1889-ல் பத்துப்பாட்டைப் பதிப்பிக்க எத்தனை ஏடுகளோடு மல்லுக்கட்டினாரோ, அதற்குக் குறையாத சிக்கல் இது. ‘அன்னகிளி சாங்’ என்று ஒரு சீட்டு. படத்தின் பெயரிலேயே தொடங்கும் பாட்டா, படத்தில் உள்ள ஏதோ ஒரு பாட்டா? கீபோர்டு மாஸ்டர் சீட்டை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்கிறார். பேட் வாசிக்கும் தம்பி எட்டிப் பார்த்து, “எழுதுனது மேட்டுத்தெரு பெரியவருண்ணே, சோகமாத்தான் இருக்கும்” என்கிறான். ஆசிரியர் வரலாறு கொண்டு மூலபாடம் துணிதல் என்பது இதுதான். இதைப் பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டு சொல்லித் தருகிறார்கள்.

சீட்டோடு வரும் நோட்டைச் சிலர் கையில் கொடுப்பதில்லை. நேரே மேடையேறி, பாடிக்கொண்டிருப்பவரின் சட்டையில் ஊக்கு போட்டுக் குத்துகிறார்கள். லண்டனில் 1976-ல் பிள்ளைகள் கிழிந்த சட்டையில் ஊக்கு குத்திக்கொண்டு ஊரை மிரட்டினார்கள்; பத்திரிகைகள் கலாசாரம் போயிற்று என்று அலறின. இங்கே அதே ஊக்கை முன்னாள் கவுன்சிலர் குத்துகிறார், காந்தி படம் போட்ட நோட்டோடு. பாடுகிறவர் பல்லவியை விடாமல், நெஞ்சில் முனை படாமல், வளைந்து கொடுத்து வணக்கமும் சொல்ல வேண்டும். மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவே உள்ள சுவரை உடைத்தோம் என்று பங்க் ராக்கர்கள் மார்தட்டிக்கொள்வதை நான் படித்திருக்கிறேன். கடப்பாக்கத்தில் அந்தச் சுவரை யாரும் கட்டவே இல்லை.

கருவியை உடைக்கும் மரபைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1979 செப்டம்பரில் நியூயார்க்கில் ‘கிளாஷ்’ குழுவின் பால் சிமனன் தன் பேஸ் கிட்டாரை மேடையில் ஓங்கி அடித்தார். அந்தப் படம் இசைத்தட்டின் அட்டையாகிப் புகழ்பெற்றது. நம் கீபோர்டு மாஸ்டருக்கு அந்த ஆசை வரும் தருணங்கள் உண்டு. ஆனால் கீபோர்டுக்கு இன்னும் தவணை பாக்கி. தவிர, அந்த வேலையை உப்புக்காற்று சம்பளம் வாங்காமல் செய்துகொண்டிருக்கிறது. ஜாக் பின் பச்சை பூக்கிறது, சிம்பல் கறுக்கிறது, அஹூஜா ஆம்ப்ளிஃபயரின் திருகாணி ஒன்றும் திரும்புவதில்லை.

சிபிஜிபிக்கு ஒரு விதி இருந்தது. சொந்தப் பாட்டுதான் பாடணும்; அடுத்தவன் பாட்டுக்கு இடமில்லை. இந்த ஒரு விதியில்தான் நம் கருதுகோள் ஆட்டம் காண்கிறது என்று எதிர்த்தரப்பினர் சொல்லலாம். ஏனெனில் கோயில் மேடையில் தடைசெய்யப்பட்ட ஒரே பொருள் சொந்தப் பாட்டு. யாராவது துணிந்து பாடினால் கூட்டம் கூச்சல் போடாது, கல் எறியாது. முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம் “இது எந்தப் படம்பா?” என்று கேட்பார். பதில் வராது. அவ்வளவுதான், பாட்டு செத்தது. ஸ்பீக்கரை மீறி எச்சில் துப்பிய லண்டன் ரசிகர்களைச் சமாளித்துவிடலாம். இந்தக் கேள்வியைச் சமாளிக்க முடியாது.

ஆனால் கூர்ந்து கேட்டவர்களுக்கு ஒன்று தெரியும். விழாக்களில் பொன்னாடை போர்த்தும் நேரம் என்று ஒன்று உண்டு. பேரூராட்சிப் பிரமுகர், பந்தல் கொடுத்தவர், அன்னதானம் போட்டவர், அவர் மைத்துனர் என்று வரிசையாக மேடையேறுவார்கள். அப்போது ஒலிபெருக்கி சும்மா இருக்கக் கூடாது. கமிட்டி பெரியவர், “தம்பி, ஏதாவது வாசிச்சிகினே இரு” என்பார். பகலில் இறால் பண்ணையில் வேலை பார்த்துவிட்டு வந்த அந்தத் தம்பி, தான் போட்டு வைத்திருக்கும் மெட்டை அப்போதுதான் எடுத்து விடுகிறான். யாரும் எந்தப் படம் என்று கேட்பதில்லை, யாரும் கேட்கவே இல்லை என்பதால். ஏழெட்டுப் பொன்னாடைக்கு ஒரு பல்லவி முடிகிறது. மைத்துனர்கள் கூடுதலாக வந்தால் சரணமும் உண்டு. கடப்பாக்கத்தின் சொந்தப் பங்க் ராக் முழுவதும் பொன்னாடைகளுக்கு நடுவில்தான் அரங்கேறியிருக்கிறது என்பது இந்த ஆய்வின் கண்டுபிடிப்பு. சென்னையில் 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ சொந்தப் பாட்டோடு மேடையேறிப் பெருங்கூட்டத்தை நிறுத்தி வைத்தது. வாசிக்கிறவனே நேரே நின்று பாடக் காலம் வந்துவிட்டது என்பதற்கு அது சாட்சி. நம் தம்பி இன்னும் மைத்துனர்களை நம்பியிருக்கிறான்.

அரசும் சட்டமும் துரத்தாத பங்க் ராக் ஏது? 1976 டிசம்பரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு தொலைக்காட்சியில் கெட்ட வார்த்தை பேசிவிட, அவர்களுடைய சுற்றுப்பயணக் கச்சேரிகளில் பெரும்பாலானவை ரத்தாயின. இங்கே 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் இருக்கின்றன; இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. விழாவுக்காக அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம், அதுவும் ஆண்டுக்குப் பதினைந்து நாளுக்கு மேல் முடியாது. அந்தத் தளர்வு நம் ஊருக்கு வந்து சேர்ந்ததா என்பது கடைசி நிமிடம் வரை புலப்படாத மர்மம். ஒன்பதரை மணிக்கு ஏட்டையா மேடையோரம் வந்து, ஒன்றும் பேசாமல், வாட்சைப் பார்ப்பார். கையில் பதினாலு சீட்டு பாக்கி. இந்த இடத்தில்தான் ரமோன்ஸ் உதவிக்கு வருகிறார்கள்: முதல் தட்டில் அவர்கள் 29 நிமிடத்தில் 14 பாட்டு பாடி முடித்தார்கள். 9.31-க்கு ஆரம்பித்தால் சரியாகப் பத்து. நம் குழுவும் அதையே செய்கிறது. பல்லவி மட்டும், சரணம் கிடையாது, ஒரே தாளம், மூச்சு விடாமல். மெட்லி என்கிறார்கள். எல்லாத் தெருப் பெயரும் வாசித்தாயிற்று, ஏட்டையாவுக்கும் திருப்தி.

கடைசியாகப் பொருளாதாரம். சிறுபாணாற்றுப்படையில் கையில் கொடுக்கப்போகிறவனான நல்லியக்கோடன் பொற்கலத்தில் உணவு போட்டு, தானே நின்று ஊட்டி, தேரும் மாடும் ஓட்ட ஆளும் சேர்த்து அன்றைக்கே பாணனை அனுப்பி வைப்பான் என்கிறார் நத்தத்தனார். அன்றைக்கே என்பதைக் கவனிக்கவும். இதே இடைக்கழிநாட்டில் பத்தேமுக்கால் மணிக்கு, ஒயரைச் சுருட்டி முடித்த கீபோர்டு மாஸ்டர் கமிட்டி ஆட்களைத் தேடிப் போகிறார். அம்மன் டிராக்டரில் ஏறி வீதியுலா கிளம்பிவிட்டாள்; பொருளாளர் டிராக்டருக்கு முன்னால் நடந்துகொண்டிருக்கிறார்.

“அண்ணே, மீதி…”

“இன்னா தம்பி, சாமி ஊர்வலத்துல கணக்கு கேக்குற? காலைல வா.”

“குட்டியானை வாடகையாவது குடுங்கண்ணே, டிரைவர் நிக்கிறாரு.”

பொருளாளர் சட்டைப் பையைத் தடவிப் பார்க்கிறார். உள்ளே துண்டுச்சீட்டு ஒன்று இருக்கிறது. தன் தெருப் பெயரைக் காம்பியர் வாசிக்கவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வருகிறது.