ஏற்றுமதித் தரம்

அரக்கோணம் ஜங்ஷனில் கரி ஏற்றிய கூட்ஸ் வண்டி கடக்கும்போது சீசன் டிக்கெட்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, டிபன் பாக்ஸ் மூடியை அழுத்திப் பார்த்துக்கொண்டு, கடைசிப் பெட்டி போகும்வரை நிற்போம். எங்களுக்குக் கரி வழிப்போக்கன். ராயபுரத்துக்காரர்களுக்கு அது வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்தது. சென்னைத் துறைமுகத்துக் கரியும் இரும்புத் தாதுவும் மொட்டை மாடித் துணியிலும் பிள்ளைகளின் நெஞ்சிலும் குடியேறிய பிறகு, அவர்கள் ஆண்டுக்கணக்காகப் புகார் சொன்னார்கள்; 2011-ல் உயர் நீதிமன்றம் இரண்டையும் அங்கே கையாளக் கூடாது என்றது. கரி எண்ணூருக்குப் போனது. எண்ணூரிலும் மனிதர்கள் மூச்சு விடுகிறார்கள் என்பது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை போலும். அனல்மின் நிலையச் சாம்பல் ஏற்கெனவே அங்கே இருந்ததால் கரிக்குத் துணையில்லாத குறையும் இல்லை.

இருந்தாலும் ராயபுரத்தைப் பார்த்து எங்கள் பக்கத்தில் பொறாமைப்படலாம். தூசி விரட்டினால் அடுத்த ஊருக்காவது போகும். ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் எங்களுக்குக் கிடைத்த தோல் கழிவு மண்ணுக்குள் இறங்கிப் பட்டா வாங்கிவிட்டது.

ஒரு கிலோ தோல் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று உச்ச நீதிமன்றமே எழுதிவைத்திருக்கிறது. பளபளவென்று முடிந்த தோல் கப்பலேறும். அந்த 35 லிட்டருக்குப் பாஸ்போர்ட் கிடையாது. உப்பையும் குரோமியத்தையும் சுமந்துகொண்டு அது பாலாற்றிலும் கிணற்றிலும் தங்கிவிடும். நல்ல மழை பெய்தால் சில டேனரிக்காரர்களுக்குத் திடீரென்று ஈகைக் குணம் பொங்கும். தேக்கிவைத்ததையெல்லாம் ஆற்றுக்குத் திறந்துவிடுவார்கள். பாலாறு நுரை பொங்க ஓடும். பெயருக்கு ஏற்ற வெள்ளை.

எங்களிடமிருந்து வெளியூர் போன இன்னொரு உயர்தரச் சரக்கு, தீர்ப்பு. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு சொன்னது: மாசுபடுத்தியவனே விலை கொடுக்க வேண்டும். இன்று அதைப் படிக்காமல் இந்தியாவில் யாரும் சுற்றுச்சூழல் சட்டம் பாஸாக முடியாது. பரீட்சைக்குப் பத்து மார்க் கேள்வி. வேலூர் என்ற பெயரைக் கோட்டைக்கும் கத்தரிக்காய்க்கும் அடுத்தபடியாக உலகுக்குத் தெரியவைத்தது இந்தத் தீர்ப்புதான். ஏற்றுமதித் தரம் என்றால் என்ன? நல்லது வெளியே போகும், உள்ளூருக்கு மிச்சம். அதன்படி, கோட்பாடு கல்லூரிகளுக்குப் போனது. தண்ணீர் எங்களிடமே இருக்கிறது.

மிச்சத்தின் கணக்கையும் பாருங்கள். ஒவ்வொரு டேனரிக்கும் அபராதம் 10,000 ரூபாய். ஒரு மாவட்டத்து மண்ணைக் கெடுக்க அது மலிவான வாடகை. இழப்பைக் கணக்கிட அமைத்த ஆணையம் 2001-ல் பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேர் என்றது. மொத்த இழப்பீடு ஏறத்தாழ 27 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் தலைக்குப் பத்தாயிரம்கூடத் தேறாது. கிணற்றைக் கெடுத்தவனுக்கும் கிணற்றை இழந்தவனுக்கும் சட்டம் ஏறக்குறைய ஒரே விலை போட்டிருக்கிறது. சமத்துவம் வேண்டும் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தோமே!

அதையாவது முழுசாகக் கொடுத்தார்களா? 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் உட்கார்ந்து, இன்னும் கொடுக்காதவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் கொடுங்கள், அப்புறம் மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ளுங்கள் என்று அரசுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. முதல் தீர்ப்பு வந்த வருடம் பிறந்த குழந்தைக்கு அதற்குள் வயது 28.

இடையில் கௌரவங்களுக்குக் குறைவில்லை. 2006-ல் ஓர் அமெரிக்க அமைப்பு, உலகிலேயே மோசமாக மாசுபட்ட பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது, செர்னோபிலுக்குப் பக்கத்தில் ராணிப்பேட்டைக்கும் நாற்காலி போட்டது. செர்னோபிலுக்கு அணு உலை வெடிக்க வேண்டியிருந்தது. எங்களுக்கு வெடிச்சத்தமே தேவைப்படவில்லை. தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை மூடிவிட்டுப் போகும்போது ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவை மலையாகக் குவித்து விட்டுப் போனது, அவ்வளவுதான். அந்தப் பக்கத்து நிலத்தடி நீர் மஞ்சளாக வரும். மங்கலகரமான நிறம் என்று எந்த அதிகாரியும் இதுவரை விளக்கம் தராதது ஆச்சரியம்.

2015 ஜனவரி 31-க்கு மட்டும் எனக்குக் கேலி வரவில்லை. ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் கழிவுச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சுத்தம் செய்யக் கட்டிய இடம் அது.

அதற்குப் பிறகும் எங்கள் சனங்கள் திங்கட்கிழமை தவறாமல் குறைதீர் கூட்டத்துக்குப் போகிறார்கள். மஞ்சள் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போவார்கள். மேசைக்கு அந்தப் பக்கத்தில் கேன் தண்ணீர் இருக்கும். மனு வாங்கப்படும், சீல் விழும், ஒப்புகைச் சீட்டு வரும். 2001 பட்டியலில் இருந்த விவசாயி அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தால், மகன் வாரிசுச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும். அதற்கு வேறு மனு, வேறு கவுண்டர். பாட்டிலை அங்கேயே விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பார்கள்; அலுவலகம் அசுத்தமாகிவிடுமாம்.